பழைய மாஸி டிராக்டரில் ஸ்னோ ப்ளோவர்: தேர்வு முதல் பாதை திறப்பது வரை

ஒன்டாரியோவில் ஹியூரன் ஏரிக்குக் கிழக்கே, கிரே, புரூஸ் கவுண்டிகளில் நிலத்தோடு வீடு வாங்கியவர்களுக்குக் குளிர்காலத்தில் முதல் வேலை பாதையைத் திறப்பதுதான். டிசம்பரில் ஏரி இன்னும் உறையாமல் கிடக்கும். அதன் மேல் வடமேற்கிலிருந்து கடுங்குளிர் காற்று கடந்து வரும்போது ஈரத்தை வாரிக்கொண்டு, கரையேறியதும் பனியாகக் கொட்டிவிடும். சாலையிலிருந்து வீடு நூறு, இருநூறு மீட்டர் உள்ளே இருந்தால் மண்வாரியால் ஆகாது. கையால் தள்ளும் சிறிய இயந்திரத்தோடு போராடினால் பாதி நாள் போய்விடும். டிராக்டரின் பின்னால் தகடு கட்டி ஒதுக்கலாம்தான். ஆனால் ஒதுக்கிய பனி இருபுறமும் சுவராக எழும்பி, ஜனவரிக்குள் ஒதுக்க இடமில்லாமல் பாதையே குறுகிவிடும். அந்தச் சுவரில் காற்று மோதினால் அடுத்த பனி நேராகப் பாதைக்குள் வந்து படியும். பனியை அள்ளித் தூர வீசும் ஸ்னோ ப்ளோவர்தான் இதற்குச் சரியான தீர்வு.

இதற்காகப் புது டிராக்டர் வாங்க வேண்டியதில்லை. இந்த வட்டாரத்துக் கொட்டகைகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் மாஸி ஃபெர்குசன் 135 போதும். 1964 முதல் 1975 வரை தயாரான வண்டி அது. பெரும்பாலானவற்றில் பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின் இருக்கும். அளவு ஏறத்தாழ 2.5 லிட்டர். எஞ்சின் விசையைப் பின்னால் மாட்டும் கருவிக்குக் கடத்தும் பி.டி.ஓ தண்டில் சுமார் 37 குதிரைத்திறன் கிடைக்கும். தமிழ்நாட்டு வயல்களில் பலர் ஓட்டிப் பழகிய மாஸி 1035 இதற்கு உறவு. 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் மாஸி ஃபெர்குசனின் கூட்டுறவோடு உருவாக்கிய வரிசை அது. ரோட்டவேட்டர் ஓட்டியவருக்குப் பாதி வேலை தெரிந்தே இருக்கும்: அங்கும் பி.டி.ஓ, இங்கும் பி.டி.ஓ, நிமிடத்துக்கு 540 சுற்று என்ற கணக்கும் ஒன்றே.

ஒன்றை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ப்ளோவர் எப்போதும் முழு வேகத்தில் சுற்ற வேண்டும். சக்கரம் எவ்வளவு மெதுவாகவும் உருள வேண்டும். தேவைப்பட்டால் ப்ளோவர் சுற்றிக்கொண்டிருக்கவே சக்கரம் நிற்கவும் வேண்டும். ஒரு பழைய டிராக்டர் இந்த வேலைக்கு ஆகுமா என்பதைக் குதிரைத்திறனைவிட இந்த மூன்றும்தான் தீர்மானிக்கின்றன.

முதல் படி: கிளட்சைச் சோதியுங்கள்

மாஸி 135களில் பலவற்றுக்கு இரட்டைக் கிளட்ச் உண்டு. பெடலைப் பாதி மிதித்தால் சக்கரத்துக்குப் போகும் விசை மட்டும் அறும்; பி.டி.ஓ தொடர்ந்து சுற்றும். முழுதாக மிதித்தால் இரண்டும் நிற்கும். ஆனால் எல்லா 135களிலும் இது கிடையாது. ஒற்றைக் கிளட்சோடு வந்தவையும் உண்டு. இரட்டைக் கிளட்ச் இருந்தும் தேய்ந்துபோனவையும் உண்டு.

வாங்கும் முன் சோதிப்பது எளிது. சமதரையில், பின்னால் எதுவும் மாட்டாமல், தண்டைச் சுற்றி யாரும் நிற்காத இடத்தில் பி.டி.ஓவை இணைத்து, மிகக் குறைந்த கியரில் வண்டியை நகர்த்துங்கள். பெடலை மெல்ல அழுத்துங்கள். பாதி வழியில் பெடல் சற்றுக் கனத்து, காலுக்கு ஓர் எதிர்ப்புத் தெரியும். அங்கேயே நிறுத்தினால் வண்டி நிற்க வேண்டும், தண்டு சுற்ற வேண்டும். இரண்டும் ஒன்றாக நின்றால் ஒற்றைக் கிளட்ச், அல்லது சரிசெய்ய வேண்டிய கிளட்ச்.

ஒற்றைக் கிளட்சில் என்ன கெடுதல்? பனி தடித்த இடத்தில் வண்டியை நிறுத்தக் கிளட்சை மிதித்தால் ப்ளோவரும் நின்றுவிடும். வாயில் இருக்கும் பனி அப்படியே குழலில் அடைத்துக்கொள்ளும். அதைவிட ஆபத்தான ஒன்றும் உண்டு. 1947 முதல் 1952 வரை வந்த ஃபோர்டு 8என் போன்ற வண்டிகளில், சுற்றிக்கொண்டிருக்கும் ப்ளோவர் விசிறியின் கனமே பி.டி.ஓ வழியாகத் திரும்பி வந்து, கிளட்சை மிதித்த பிறகும் சக்கரத்தைத் தள்ளும். கொட்டகைச் சுவருக்குப் பக்கத்தில் அப்படி நடந்தால் சுவர் தாங்காது. விசையை ஒரு திசையில் மட்டும் கடத்தும் ஓவர்ரன்னிங் கப்ளரைத் தண்டில் மாட்டினால் இது தீரும். 8என்னுக்குத் தாழ்ந்த கியரே போதிய அளவு தாழ்ந்ததில்லை என்ற குறை மட்டும் அப்போதும் மிஞ்சும். அழகான வண்டி, பனி வீசுவதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மாஸியில் இன்னொரு நெம்புகோலையும் கவனியுங்கள். இதன் பி.டி.ஓவுக்கு இரண்டு நிலைகள் உண்டு. ஒன்றில் எஞ்சின் வேகத்தோடு தண்டு சுற்றும். மற்றொன்றில் சக்கர வேகத்தோடு சுற்றும். ப்ளோவருக்கு எஞ்சின் நிலைதான் வேண்டும். தவறிச் சக்கர நிலையில் போட்டுப் பின்னோக்கி ஓட்டினால் தண்டு தலைகீழாகச் சுற்றும்; வண்டி நின்றால் தண்டும் நின்றுவிடும்.

மல்டி பவர், அதாவது கிளட்சை மிதிக்காமலே ஒவ்வொரு கியரையும் 'ஹை', 'லோ' என்று மாற்றும் வசதியுள்ள 135 கிடைத்தால், சரிவில் ஓர் எச்சரிக்கை. மல்டி பவர் 'லோ'வில் இருக்கும்போது எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. இறக்கத்தில் வண்டி தானாக உருண்டு ஓடும். பனிச்சரிவில் அதை 'ஹை'யில் வைத்து, கியரைத் தாழ்த்தி இறங்குங்கள்.

இரண்டாம் படி: அளவான ப்ளோவர்

37 குதிரைத்திறனுக்கு ஐந்து முதல் ஆறடி அகலமுள்ள இரண்டு கட்ட ப்ளோவர் பொருந்தும். முன்வாயில் கிடைமட்டமாகச் சுற்றும் திருகு பனியை நறுக்கி நடுவே கொண்டுவரும். அங்கே விசிறி அதை வாங்கிக் குழல் வழியே வீசும். அகலம் கூடினால் வேலை சீக்கிரம் முடியும் என்று ஏழடி வாங்காதீர்கள். ஈரப்பனியில் எஞ்சின் திணறும், சுற்று குறையும், குழல் அடைக்கும்.

குறைந்தபட்ச அகலத்தை வண்டியே சொல்லிவிடும். இரு பின் டயர்களின் வெளிவிளிம்புகளுக்கு இடையே அளந்து பாருங்கள். ப்ளோவர் அதைவிட இருபுறமும் சில அங்குலமாவது கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் டயர் வெட்டாத பனியில் ஏறும். 135இன் பின்சக்கர இடைவெளியை மாற்ற முடியும் என்பதால், ப்ளோவருக்கு ஏற்றபடி சக்கரங்களை உள்ளே தள்ளிக்கொள்ளலாம்.

பழைய ப்ளோவர் வாங்கினால் மூன்றைப் பாருங்கள். முதலில் கியர்பாக்ஸ்: எண்ணெய் கசிகிறதா, திருகைக் கையால் அசைத்தால் ஆட்டம் இருக்கிறதா. அடுத்து அடிவெட்டுத் தகடும் ஓரங்களில் உள்ள சறுக்குக் காலணிகளும்: இவை தேய்வதற்கென்றே உள்ளவை, மாற்றலாம், தேய்மானம் அவற்றையும் கடந்து உடல் தகட்டைத் தின்றிருந்தால் வேண்டாம். கடைசியாக விசிறி இறக்கைக்கும் உறைக்கும் உள்ள இடைவெளி. அது அதிகமானால் உலர்பனியை வீசும், கூழ்பனியை வீசாது. இறக்கை நுனிகளில் கனமான ரப்பர் பட்டைகளைப் போல்ட் போட்டு அந்த இடைவெளியை அடைப்பது பலர் செய்யும் வேலை. பலன் உடனே தெரியும்.

மூன்றாம் படி: பொருத்துதல்

பனி விழும் முன், நல்ல வெளிச்சத்தில் செய்யுங்கள். டிராக்டரின் பின்னால் கருவியைத் தாங்கும் கைகளில் கீழ் லிங்க் இரண்டையும் மாட்டி, மேலே நடுவில் உள்ள டாப் லிங்கை மாட்டி, அதன் நீளத்தைத் திருகி அடிவெட்டுத் தகடு தரையோடு சமமாக அமரும்படி செய்யுங்கள். பக்கவாட்டு ஆட்டத்தைத் தடுக்கும் செயின்களை இறுக்குங்கள். கலப்பைக்கு அந்த ஆட்டம் தேவை, ப்ளோவருக்கு ஆகாது. கலப்பையின் இழுவைக்கு ஏற்ப ஆழத்தைத் தானே சரிசெய்யும் மாஸியின் புகழ்பெற்ற டிராஃப்ட் கண்ட்ரோலுக்கும் இங்கே வேலையில்லை; உயரத்தை மட்டும் அமைக்கும் பொசிஷன் கண்ட்ரோல் நெம்புகோலால் ஏற்றி இறக்குங்கள்.

பி.டி.ஓ தண்டின் நீளத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரு குழாய்கள் அவை. ப்ளோவரைத் தரையிலும், நடுவிலும், உச்சியிலும் வைத்துப் பாருங்கள். மிகக் குறுகிய நிலையில் உட்குழாய் அடியில் முட்டக் கூடாது, முட்டினால் பி.டி.ஓ தாங்குபேரிங் உடையும். மிக நீண்ட நிலையில் குழாய் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். நீளம் கூடியிருந்தால் இரு குழாய்களையும் அவற்றின் பிளாஸ்டிக் உறைகளையும் ஒரே அளவு வெட்டி, வெட்டிய ஓரத்தை அரத்தால் மழுக்கி, கிரீஸ் பூசி மாட்டுங்கள். ப்ளோவரை உச்சிக்குத் தூக்கும்போது தண்டின் இரு முனையிலும் மடங்கும் மூட்டுகளான கிராஸ்கள் அதிகம் மடிந்து தடதடத்தால், அந்த உயரத்துக்கு மேல் ஏறாதபடி நெம்புகோலுக்கு ஒரு தடுப்பு வையுங்கள்.

தண்டின் பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் புதிது போடாமல் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். நிமிடத்துக்கு 540 என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. குளிருக்குப் போர்த்திய சால்வையின் நுனி ஒன்று பட்டால் கையை உதறி விலக நேரமே இருக்காது. சால்வை வேண்டாம், தொங்கும் கயிறுள்ள ஜாக்கெட் வேண்டாம், நீண்ட முடியை விரித்து விட வேண்டாம். உடலோடு ஒட்டிய முழு உடுப்பும் காதை மூடும் தொப்பியும் போதும்.

பின்னால் கனம் ஏறியதால் முன்சக்கரம் எளிதில் தூக்கும். முன்பக்கம் எடைகள் கட்டுங்கள். பின் டயர்களுக்குச் செயின் போடுங்கள். சமதரைக்கு இல்லாமலும் சமாளிக்கலாம். கொஞ்சம் சரிவு இருந்தாலும் செயின் இல்லாமல் இறங்காதீர்கள். இந்த வயது வண்டிகள் பலவற்றில் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டகம் கிடையாது. பாதையோரப் பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினாலே போதும்.

நான்காம் படி: தரையைத் தயார் செய்தல்

நிலம் உறைவதற்குள், பாதையின் இரு விளிம்புகளிலும் உயரமான குச்சிகளை நட்டுவிடுங்கள். ஜனவரியில் பள்ளம் எது, பாதை எது என்று கண்ணுக்குத் தெரியாது. தோட்டக் குழாய், நாயின் சங்கிலி, குழந்தைகளின் சறுக்குப் பலகை, விறகுக் கட்டை எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். வாசலில் வீசிவிட்டுப் போகும் விளம்பரத் தாள் கட்டு பனிக்கடியில் ஊறிக் கிடந்து திருகில் சுற்றிக்கொண்டால், கத்தியால் கீறித்தான் எடுக்க வேண்டும்.

பாதை சரளைக்கல் என்றால் சறுக்குக் காலணிகளை இறக்கி, அடித்தகடு தரைக்கு மேல் மூன்று, நான்கு சென்டிமீட்டர் நிற்கும்படி வையுங்கள். தார்ப்பாதைக்கு ஒரு சென்டிமீட்டர் போதும். உறையாத சரளை மேல் விழும் முதல் பனியை ப்ளோவரால் எடுக்காமல் வண்டியால் மிதித்து இறுக்கிவிடுவதே நல்லது. அது உறைந்து கெட்டித்தளமாகிவிட்டால், பிறகு குளிர்காலம் முழுவதும் அதன் மேல் வேலை செய்யலாம், கல் பறக்காது. விசிறி வழியே போகும் சரளைக்கல் ஜன்னலையும் உடைக்கும், கண்ணையும் கெடுக்கும்.

ஐந்தாம் படி: குளிரில் ஸ்டார்ட் செய்தல்

எஞ்சினை மின்சாரத்தால் முன்கூட்டியே சூடாக்கும் பிளாக் ஹீட்டர் இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள். இந்த வண்டிக்கு நீங்கள் செய்யும் செலவுகளில் இதைவிடப் பயனுள்ளது வேறு இல்லை. ஸ்டார்ட் செய்வதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பு மின்சாரத்தில் சொருகினால் போதும். சுழியத்துக்குக் கீழே 18 டிகிரியில் பேட்டரியின் திறன் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். அதே நேரத்தில் கெட்டியான எண்ணெயில் எஞ்சினைச் சுற்ற இன்னும் அதிக விசை தேவைப்படும்.

பெர்கின்ஸில் தெர்மோஸ்டார்ட் என்ற சிறு கருவி உண்டு. சாவியைச் சூடேற்றும் நிலையில் பதினைந்து, இருபது நொடி பிடித்தால், உள்ளிழுக்கும் குழாயில் கொஞ்சம் டீசலை எரித்துக் காற்றைச் சூடாக்கித் தரும். இது இருக்கும் எஞ்சினில், குளிரில் ஸ்டார்ட் ஆகச் சிலர் அடிக்கும், எளிதில் தீப்பற்றும் ஈதர் ஸ்ப்ரேயை அடிக்கவே கூடாது. சூட்டுக் கம்பியில் ஈதர் பட்டால் குழாய்க்குள்ளேயே வெடிக்கும்.

கோடையில் வாங்கிப் பீப்பாயில் வைத்த டீசல் குளிரில் மெழுகு கட்டி ஃபில்டரை அடைக்கும். குளிர்கால டீசலுக்கு நவம்பரிலேயே மாறிவிடுங்கள். 135இல் கியர்பாக்ஸ் எண்ணெய்தான் ஹைட்ராலிக் எண்ணெயும். அளவுக் குச்சியை எடுத்துப் பாருங்கள்: எண்ணெய் பால் விட்ட தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கியர் நெம்புகோலைச் சுற்றியுள்ள ரப்பர் கிழிந்து மழைநீர் இறங்கியிருக்கலாம். அந்தத் தண்ணீர் உறைந்து பம்பின் வாயை அடைத்தால் ப்ளோவரைத் தூக்க முடியாது. எண்ணெயை மாற்றுங்கள், ரப்பரையும் மாற்றுங்கள்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டு வெளியே கொண்டுவந்து சூடேறவிடுங்கள். மூடிய கொட்டகையில் புகை ஆளைக் கொல்லும்.

ஆறாம் படி: பனியை வீசுதல்

எஞ்சின் குறைந்த வேகத்தில் ஓடட்டும். ப்ளோவரைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்குங்கள். கிளட்சை முழுதாக மிதித்து, தண்டு நிற்கும் வரை பொறுத்து, பி.டி.ஓவை எஞ்சின் நிலையில் இணையுங்கள். பெடலை மெதுவாக விடுங்கள். விசிறி சீராகச் சுற்றத் தொடங்கியதும் ஆக்சிலேட்டரை உயர்த்தி, மீட்டரில் 540க்கான குறிக்குக் கொண்டுவாருங்கள். இனி வேலை முடியும் வரை ஆக்சிலேட்டர் நெம்புகோலைத் தொடாதீர்கள். பனி தடித்தால் வேகத்தைக் குறைக்க வேண்டியது கியராலும் பாதிக் கிளட்சாலும் மட்டுமே. ஆக்சிலேட்டரைக் குறைத்தால் விசிறி தளரும், வீசும் தூரம் குறையும், குழல் அடைக்கும்.

பின்புற ப்ளோவரில் பின்னோக்கித்தான் ஓட்ட வேண்டும். கழுத்து வலிக்கும் என்பது உண்மை. ஆனால் ப்ளோவர் வெட்டிய தரையில்தான் சக்கரங்கள் வருகின்றன என்பதால், ஆழமான பனியிலும் வண்டி சிக்காது. இடது கையை ஸ்டியரிங்கில் வைத்து, உடலை இடுப்பிலிருந்து வலப்பக்கம் திருப்பி உட்காருங்கள். கழுத்தை மட்டும் திருப்பினால் மறுநாள் எழ முடியாது. தாழ்ந்த ரிவர்ஸ் கியரில் தொடங்குங்கள்.

காற்று எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். காற்றை எதிர்த்து வீசினால் வீசியது முழுவதும் உங்கள் முகத்துக்கே வரும். காற்று பாதைக்குக் குறுக்கே அடித்தால், காற்று வரும் பக்கத்து விளிம்பில் தொடங்கி, எதிர்ப்பக்கம் நோக்கி வீசிக்கொண்டே நகருங்கள். காற்றில்லாத நாளில் நடுவில் ஒரு தடம் போட்டுவிட்டு, இருபுறமும் குழலைத் திருப்பி விரிக்கலாம். குளிர்காலத்தின் தொடக்கத்திலேயே பாதையைத் தேவைக்கு மேல் அகலமாக வெட்டுங்கள். பிப்ரவரியில் அந்த அகலம் தேவைப்படும்.

பனி முட்டளவுக்கு மேல் இருந்தால் ஒரே தடவையில் எடுக்க முயலாதீர்கள். ப்ளோவரைத் தூக்கி மேல்பாதியை வீசிவிட்டு, முன்னே போய், மறுபடி பின்னோக்கி வந்து கீழ்ப்பாதியை எடுங்கள். புயல் நின்ற பிறகு பார்க்கலாம் என்று காத்திருப்பதைவிட, இருபது சென்டிமீட்டர் சேரும்போதே ஒரு சுற்றுப் போய்வருவது வண்டிக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

கடினமான இடம் பாதையின் வாய். நகராட்சியின் பனி வண்டி சாலையைத் திறந்துகொண்டு போகும்போது உங்கள் வாசலில் ஒரு வரப்பைப் போட்டுவிட்டுப் போகும். உப்பும் கூழும் ஐஸ் கட்டியும் கலந்த அது ஓரிரு மணி நேரத்தில் கல்லாக இறுகும். வண்டி கடந்ததும் போய் எடுத்துவிடுங்கள். முழு அகலத்தில் மோதாமல் ப்ளோவரின் பாதி அகலத்தை மட்டும் கொடுத்து, பாதிக் கிளட்சில் விட்டு விட்டு நுழையுங்கள். ஏற்கெனவே இறுகியிருந்தால் கடப்பாரையால் உடைத்துவிட்டுத்தான் ப்ளோவர். அங்கே குழலைச் சாலைப் பக்கம் திருப்பாதீர்கள். அனுமதியின்றிச் சாலையில் பனியைப் போடுவது ஒன்டாரியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். பின்னோக்கிச் சாலைக்குள் போகும்போது வருகிற வண்டிகளுக்கு நீங்கள் தெரிய வேண்டும். பின்புறம் ஒரு சுழல்விளக்குப் போடுங்கள்.

அடைத்துக்கொண்டால்

சுழியத்தை ஒட்டிய வெப்பநிலையில் விழும் ஈரப்பனிதான் அடைக்கும். குழலிலிருந்து பாய்ந்துகொண்டிருந்த பனி சோர்ந்து உதிரத் தொடங்கும். எஞ்சின் ஒலி மாறும். உடனே வண்டியை நிறுத்துங்கள். கிளட்ச் முழுதாக மிதிபடட்டும். பி.டி.ஓ நியூட்ரலுக்கு வரட்டும். ப்ளோவரைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தண்டு நின்றுவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே இறங்குங்கள். குழலுக்குள் கையை விடாதீர்கள், எஞ்சின் நின்றிருந்தாலும் விடாதீர்கள். அடைப்பில் முறுகி நிற்கும் விசிறி, அடைப்பு விலகிய கணத்தில் துள்ளித் திரும்பக்கூடும். இதற்கென்றே ஒரு கனமான கட்டையைப் ப்ளோவரில் செருகி வைத்திருங்கள். கட்டையால் கிளறி, பனி உதிர்ந்ததும் குழலின் உட்புறத்தைத் துடைத்து சிலிக்கான் ஸ்ப்ரே அடித்தால் மறுபடி ஒட்டுவது குறையும்.

திருகு திடீரென்று நின்று விசிறி மட்டும் சுற்றினால் ஷியர் போல்ட் அறுந்திருக்கிறது. கல்லோ கட்டையோ மாட்டும்போது கியர்பாக்ஸைக் காப்பாற்ற அறுவதற்கென்றே வைத்த போல்ட் அது. அடிக்கடி அறுகிறதே என்று கடினமான போல்ட்டைப் போட்டால், அடுத்த முறை உடைவது கியர்பாக்ஸ். ப்ளோவருக்குக் குறிப்பிட்ட தரத்திலேயே பல போல்ட்டுகளை வாங்கி, அவற்றுக்கான ஸ்பேனரோடு வண்டியின் கருவிப் பெட்டியில் வையுங்கள். இருட்டில், காற்றில், கையுறையோடு மாற்ற வேண்டியிருக்கும்.

வேலை முடிந்ததும்

ப்ளோவரைத் தூக்கி வைத்து ஒரு நிமிடம் வெறுமனே சுற்றவிட்டு, உள்ளே மிஞ்சிய பனியை வெளியேற்றுங்கள். அப்படியே நிறுத்தினால் இரவில் விசிறி உறையோடு ஒட்டிக்கொண்டு, காலையில் பி.டி.ஓவை இணைத்த உடனே போல்ட் அறும். குழலைத் திருப்பும் பற்சக்கரத்துக்கும் கிராஸ்களுக்கும் கிரீஸ் அடியுங்கள். ப்ளோவரை நேரே தரையில் இறக்காமல் இரண்டு பலகைகளின் மேல் இறக்குங்கள். தரையோடு உறைந்த ப்ளோவரை ஹைட்ராலிக்கால் பிய்த்தெடுக்க முயன்றால் கெடுவது ஹைட்ராலிக்தான்.

கைப்பிரேக்கை இழுத்து வைக்காதீர்கள். பிரேக் டிரம்முக்குள் புகுந்த ஈரம் உறைந்து ஷூவைப் பிடித்துக்கொள்ளும். வண்டியைக் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். டீசல் டேங்கை அன்றிரவே நிரப்பிவிடுங்கள். பாதி காலியான டேங்கின் உட்சுவரில் வேர்க்கும் நீர்தான் அடுத்த புயலன்று ஃபில்டரில் ஐஸாகி எஞ்சினை நிறுத்தும்.